காற்று வாங்குகிறவர்கள்

சென்னையில் காற்று வாங்கப் போவது என்றால் சாயங்காலம் மெரினாவில் போய் உட்காருவது. எனக்கும் வெகுநாள் அந்த ஒரு பொருள்தான் தெரியும். இன்னொரு பொருளை ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, முட்டுக்காடு பாலத்தின் மேல் தெரிந்துகொண்டேன்.

ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய கதை. இருட்டு விலகுமுன் திருவான்மியூரில் கூடி மகாபலிபுரம் கிளம்புவோம். மார்கழியிலும் தையிலும் வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். கோவளம் தாண்டும்போது நம் காலிலேயே அவ்வளவு பலம் இருக்கிறது என்று தோன்றிவிடும். திரும்பும்போதுதான் கணக்கு. வெயில் ஏறியிருக்கும், காற்று நேர் முகத்தில் அடிக்கும், போகும்போது 34 காட்டிய மீட்டர் 19-க்கு இறங்கும். நான் அந்தக் குழுவில் சேர்ந்து மூன்றாவது வாரம். பாலம் ஏறும்போது தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. மற்றவர்கள் சிறுத்துக்கொண்டே போனார்கள்.

அப்போது ஒருவர் வேகத்தைக் குறைத்து, எனக்குப் பக்கத்தில் வந்து, அப்புறம் முன்னால் போனார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ராயபுரத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். எங்கள் எல்லோருக்கும் அவர் நைனா. தலையைத் திருப்பாமலே சொன்னார்: “என் பின்சக்கரத்தைப் பாத்துக்கினே வா. ஒரு முழம் போதும். பிரேக்கைத் தொடாத.”

ஒட்டினேன். காதில் அதுவரை இரைந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. கதவைச் சாத்திவிட்ட அறைக்குள் வந்த மாதிரி. அவருடைய சங்கிலியின் ஓசை கேட்டது. என் மூச்சே எனக்குக் கேட்டது. கண்ணுக்கு முன்னால் அவர் முதுகு மட்டும்தான். நீலச் சட்டையில் வியர்வை காய்ந்து, உப்பு வெள்ளைக் கோடாக ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருந்தது. கானாத்தூர், உத்தண்டி, பனையூர் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. அவர் ஒரு தடவைகூட விலகி “நீ வா முன்னாடி” என்று கை காட்டவில்லை. ஈஞ்சம்பாக்கத்தில் டீக்கடையில் இறங்கியபோதுதான் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது, புருவத்தில் மணல், உதடு வெடித்திருந்தது. என் சட்டை ஏறக்குறைய காய்ந்திருந்தது.

“காத்து உனக்கா எனக்கான்றதுதான் சைக்கிள் ரேஸு. மத்ததெல்லாம் அப்பால” என்றார்.

அதற்கப்புறம்தான் நான் ஐரோப்பியப் பந்தயங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாம் விளங்கியது.

கணக்கு எளிமையானது. சமதளத்தில் வேகமாகப் போகும் சைக்கிள்காரர் தன் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றைப் பிளக்கவே செலவழிக்கிறார். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதைத் தாண்டப் போடவேண்டிய சக்தி எட்டு மடங்காகும். ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் இதில் பெரிய பங்கு மிச்சம். நூற்றிருபது பேர் நெருங்கிப் போகும் கூட்டத்தின் நடுவில் இருந்தால், தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான் உடலில் படும் என்று காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தே காட்டியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெலோட்டான் என்று பெயர். அதன் நடுவில் பாதுகாப்பாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால், முன்னால் யாரோ அவருக்காகக் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார்.

பிரான்ஸில் வருஷந்தோறும் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஒரு அணிக்கு எட்டுப் பேர். 21 நாள் ஓட்டம், ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம், மொத்தம் ஏறக்குறைய 3,500 கி.மீ. ஜெயிக்க வைக்கவேண்டிய தலைவர் எட்டில் ஒருவர், சில அணிகளில் இருவர். மற்றவர்கள் அவருக்கு உழைக்கிறவர்கள். பின்னால் வரும் அணிக் கார் வரை பின்தங்கிப் போய், ஏழெட்டுத் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் முதுகிலும் நெஞ்சிலும் திணித்துக்கொண்டு, முக்கி முக்கிக் கூட்டத்தைப் பிடித்து, ஒவ்வொருவருக்காகக் கொடுப்பார்கள். வெயில் நாட்களில் மெல்லிய காலுறையில் ஐஸ் அடைத்துத் தலைவரின் பிடரியில் செருகி வைப்பார்கள். அவர் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார்கள். ஒரு தொழில்முறைச் சைக்கிள் வீரரின் வாழ்க்கை என்று சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் வாழ்க்கை. பத்துப் பன்னிரண்டு வருஷம், வருஷத்துக்கு முப்பதாயிரம் கி.மீ. அளவுக்கு ஓட்டி, தன் பெயரில் ஒரே ஒரு வெற்றிகூட இல்லாமல் ஓய்வுபெறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களுக்குப் பிரெஞ்சில் டொமெஸ்டிக் என்று பெயர். வீட்டு வேலைக்காரன் என்று பொருள். பெயர் வைத்த கதை நல்ல கதை இல்லை. 1911 டூரில் மொரீஸ் ப்ரொக்கோ என்ற வீரர், தனக்கு ஜெயிக்க வாய்ப்பில்லை என்று தெரிந்ததும், 1909-இல் பட்டம் வென்ற பிரான்சுவா ஃபாபேருக்குத் துணையாக ஓட்டினார். பந்தயத்தை நடத்திய ஆன்ரி டெக்ராஞ்ச் கொதித்துப்போனார். டூர் என்பது தனி மனிதனின் சோதனை என்பது அவர் கொள்கை. தன் பத்திரிகையில் ப்ரொக்கோவை வேலைக்காரன் என்று எழுதிவிட்டார். அடுத்த கட்டத்தில் ப்ரொக்கோ மலைகளில் தனியாகப் போய் எல்லோரையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளி ஜெயித்துக் காட்டினார். இவ்வளவு தெம்பை வைத்துக்கொண்டா இன்னொருவனுக்கு ஓட்டினாய் என்று அவரைப் பந்தயத்திலிருந்தே நீக்கினார்கள். இத்தாலியர்கள் இதே ஆட்களுக்குக் கிரெகாரியோ என்று பெயர் வைத்தார்கள். படையில் வரிசையில் நிற்கும் சாதாரணச் சிப்பாய் என்று அர்த்தம். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும்.

1934 டூரின்போது ரெனே வியெத்தோ என்ற வீரருக்கு இருபது வயது. மலை ஏறுவதில் அவரை மிஞ்ச அந்த வருஷம் ஆள் இல்லை. பிரினீஸ் மலையிறக்கம் ஒன்றில் அணித்தலைவர் அந்தோனன் மான்யின் சக்கரம் உடைந்தது. வியெத்தோ தன் முன்சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அழுதார். சக்கரமில்லாத சைக்கிள் பக்கத்தில் கிடக்க அவர் உட்கார்ந்திருக்கும் படம் இன்றும் கிடைக்கிறது. மறுநாள் மறுபடியும் மான்யுக்குத் தொல்லை. முன்னால் போய்விட்ட வியெத்தோ, செய்தி வந்ததும், இறங்கிய மலையிலேயே எதிர்த்திசையில் திரும்ப ஏறிப்போய் சைக்கிளையே கொடுத்தார். அந்த டூரை மான்ய் வென்றார். வியெத்தோ வாழ்நாளில் ஒரு டூரும் வெல்லவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் மார்க் கேவண்டிஷின் வாழ்க்கைக்கு வந்தேன்.

டூரில் அதிகக் கட்டங்களை வென்றவர் அவர். 35. அதற்கு முன் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1969-இலிருந்து 1975 வரை வென்ற 34 என்ற கணக்கு அரை நூற்றாண்டு அசையாமல் நின்றது. கேவண்டிஷ் 1985-இல் பிறந்தவர். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கிடக்கும் மான் தீவுக்காரர். காற்றுக்குப் பேர்போன ஊர். பள்ளி முடித்ததும் வங்கியில் வேலை பார்த்துக் காசு சேர்த்துப் பயிற்சிக்குப் போனார். 2008-இல் நான்கு கட்டங்கள், 2009-இல் ஆறு, அடுத்த இரண்டு வருஷமும் ஐந்தைந்து. 2011-இல் உலகச் சாம்பியன். பாரிஸில் முடியும் கடைசிக் கட்டத்தை 2009-இலிருந்து 2012 வரை நான்கு வருஷம் தொடர்ந்து வென்றார். 2016 முடியும்போது கணக்கு 30.

அப்புறம் இருட்டு. 2017-இல் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உடம்பை உறிஞ்சியது, டூரில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. 2018 டூரில் ஒரு மலைக்கட்டத்தில், முதலில் வந்தவர் கோட்டைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கும் மேலான பின் தனியாக வந்து சேர்ந்தார். மனச்சோர்வு நோயும் இருந்ததாகப் பின்னால் அவரே சொன்னார். 2020 அக்டோபரில் பெல்ஜியத்தில் ஒரு பந்தயம் முடிந்து, இதுவே கடைசியாக இருக்கலாம் என்று கேமரா முன்னால் அழுதார். அடுத்த வருஷம் பழைய அணி குறைந்த சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டது. டூருக்கு அவர் பெயரே இல்லை. கேவண்டிஷைப் போல, கட்டத்தின் முடிவில் பாய்ந்து ஜெயிக்கிறவர்களை ஸ்பிரிண்டர் என்பார்கள். அணியின் முதல் ஸ்பிரிண்டருக்கு முழங்காலில் அடிபட்டதால் கடைசி நேரத்தில் சேர்த்தார்கள். நான்கு கட்டங்களை வென்று மெர்க்ஸைச் சமன் செய்தார்.

அந்த நான்காவது வெற்றி, கார்கஸோனில். முடிவுப் பட்டியலைப் பாருங்கள். முதலிடம் கேவண்டிஷ். இரண்டாமிடம் மிக்கேல் மோர்கோவ். அதே அணி. மோர்கோவின் வேலை கடைசி 200 மீட்டர் வரை கேவண்டிஷுக்குக் காற்று வாங்கிவிட்டு ஒதுங்குவது. ஒதுங்கியவர் மிதிப்பதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். உலகத்தின் வேகமான ஸ்பிரிண்டர்கள் அவருக்குப் பின்னால் வந்தார்கள். காலில் இத்தனை பலம் வைத்திருந்த மனிதர் தன் சாலைப் பந்தய வாழ்க்கையில் வென்ற பெரிய வெற்றி என்று பார்த்தால், 2013-இல் ஸ்பெயின் சுற்றில் ஒரு கட்டம். எனக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தபோது ஈஞ்சம்பாக்கம் டீக்கடை ஞாபகம் வந்தது.

ஸ்பிரிண்டருக்கு மலை எமன். தசை கனம் அவரைக் கீழே இழுக்கும். அன்றன்று முதலில் வருபவரின் நேரத்தோடு இத்தனை சதவீதம் சேர்த்து ஒரு கெடு வைப்பார்கள். அதற்குள் வராவிட்டால் மறுநாள் ஓட முடியாது. ஆகவே மலை நாட்களில் இரண்டு பந்தயம் நடக்கிறது. டிவி காட்டுவது முன்னால் நடப்பதை. பின்னால், கெடுவுக்குள் வந்து சேர ஓடும் பந்தயத்தில், தலைவருக்காகக் காத்து, கூடவே ஏறி, மூச்சு வாங்கும்போது வேகத்தைக் குறைத்து, சமவெளி வந்ததும் காற்றை வாங்கிக்கொண்டு இழுத்து வரும் ஆட்களை யாரும் படம் பிடிப்பதில்லை.

2024 டூர் ஜூன் 29 அன்று இத்தாலியில் தொடங்கியது. முதல் கட்டம் ஃப்ளோரன்ஸிலிருந்து ரிமினிக்கு, 206 கி.மீ. கேவண்டிஷுக்கு 39 வயது. முந்தைய வருஷமே கடைசி டூர் என்று அறிவித்து வந்து, எட்டாவது நாள் விழுந்து காரை எலும்பு உடைந்து போனவர். மெர்க்ஸைத் தாண்டும் அந்த 35-ஆவது கட்டத்துக்காக மறுபடி வந்திருந்தார். அன்றைய வெயிலில் சைக்கிள் மேலேயே வாந்தி எடுத்தார். நாம் ஏப்ரலில் அண்ணா சாலையில் நிற்கும் வெயிலை ஆறு மணி நேரம் மலையில் ஏறிக்கொண்டு தாங்குவதாக நினைத்துப் பாருங்கள். கேவண்டிஷைச் சுற்றி அணிக்காரர்கள் நின்றார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், முன்னால் போய் இழுத்தார்கள், அவர் வேகத்திலேயே வந்தார்கள். முதல்வருக்கு 39 நிமிஷம் பின்னால், கெடுவுக்குள் வந்து சேர்ந்தார்கள். அந்த அணியில் இன்னொருவர் அன்றே தாங்க முடியாமல் விலகிவிட்டார்.

நாலு நாள் கழித்து, ஜூலை 3, புதன்கிழமை. நான் பீச்சிலிருந்து ஆவடி போகும் மின்ரயிலில், நின்றுகொண்டே கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லிவாக்கம் தாண்டும்போது படம் உறைந்து உறைந்து வந்தது. சான்-வுல்பா என்ற ஊரில் கடைசி ஒரு கி.மீ. சகாக்கள் அவரை இடம் பார்த்து விட்டுவிட்டார்கள். ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குத் தாவினார், ஒரு சந்து கிடைத்தது, தலையைக் கைப்பிடிக்குக் கீழே புதைத்துக்கொண்டு ஒரே பாய்ச்சல். யாஸ்பர் பிலிப்சன் இரண்டாவது. 35. பக்கத்தில் நின்றவர் “என்ன தம்பி, கிரிக்கெட்டா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் தொண்டை அடைத்துக்கொண்டது. போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவரும் ஒரு நிமிஷம் பார்த்தார், அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். டூரில் ஒட்டுமொத்த நேரக் கணக்கில் கடைசியாக வருகிறவருக்கு லான்டெர்ன் ரூஜ் என்று பெயர். சிவப்பு விளக்கு. ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கிலிருந்து எடுத்த பெயர். 2021-இல் அப்படிக் கடைசியாக வந்தவர் டிம் டெக்ளெர்க், கேவண்டிஷ் நான்கு கட்டங்களை வென்ற அணியின் ஆள். நாள் முழுக்க கூட்டத்தின் முன்னால் நின்று இழுப்பதால் அவருக்கு டிராக்டர் என்று பட்டப்பெயர். 2023-இல் கடைசி, மோர்கோவ். 2024-இல் கடைசி, டாவிடே பல்லெரினி, கேவண்டிஷின் அன்றைய சகா. மூன்று வருஷம், மூன்று கடைசி ஆட்கள், மூவரும் ஏதோ ஒரு டூரில் அந்த ஒரு மனிதருக்குக் காற்று வாங்கியவர்கள்.

என் அப்பா ரயில்வேயில் கேட்கீப்பர். ஆவடிப் பக்கம் ஒரு கேட். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோவேன். ரயில் வரும்போது எனக்கு இன்ஜினைப் பார்க்கத்தான் ஆசை. அப்பா கொடியைப் பிடித்துக்கொண்டு இன்ஜினை ஒரு பார்வை பார்ப்பார், அதோடு சரி. அவர் கண் கடைசிப் பெட்டிக்காகக் காத்திருக்கும். பின்னால் அடையாளம் இருக்கிறதா, ராத்திரியானால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் கொடி இறங்கும். “அது வந்தாத்தான்டா வண்டி முழுசா வந்திருக்குன்னு அர்த்தம். நடுவுல கழண்டு போயிருந்தா?” என்பார். பல்லெரினியின் பெயரைப் பட்டியலின் அடியில் பார்த்தபோது எனக்கு அப்பாவின் அந்தப் பார்வைதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் குழுவில் இப்போது கண்ணகி நகரிலிருந்து ஒரு பையன் வருகிறான். பதினேழு வயது. யாரோ கொடுத்த பழைய அலுமினியச் சைக்கிள், கியர் கம்பி அடிக்கடி அறுந்துபோகும். பாலத்தில் ஏறுவதைப் பார்த்தால் நமக்கே வயிற்றில் ஏதோ செய்யும், அவ்வளவு லாகவம். போன மாதம் கோவளத்தில் இடியாப்பம் சாப்பிடும்போது கேட்டான்: “அண்ணா, இதையே தொழிலா பண்ண முடியுமா?”

நான் மழுப்பவில்லை. இந்தியாவிலிருந்து ஒருவர்கூட இதுவரை டூர் டி பிரான்ஸில் ஓடியதில்லை என்றேன். இங்கே மாவட்டம், மாநிலம், தேசியப் போட்டி என்று ஏறி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலை கிடைத்தால் அதுதான் பெரும்பாலோருக்குக் கரை. ஐரோப்பாவில் உச்ச மட்ட அணியில் ஓடுகிறவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்கு நாற்பதாயிரம் யூரோவுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் பெரும்பாலோருக்கு ஒப்பந்தம் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று வருஷம். விழுந்து எலும்பு உடைந்தால் அடுத்த ஒப்பந்தம் வருமா என்று தெரியாது. டூரில் ஒரு கட்டத்தை வென்றால் பரிசு 11,000 யூரோ, அதையும் வென்றவர் தனியாக எடுத்துக்கொள்வதில்லை, அணி முழுக்கப் பங்கு பிரிப்பது வழக்கம். ஊக்கமருந்துக் கதையையும் சொன்னேன். ஏழு டூர் பட்டங்களை 2012-இல் இழந்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயர் அவனுக்கே தெரிந்திருந்தது. அதை மறைத்து இந்த விளையாட்டைக் காதலிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், “அப்போ அந்த ட்ராக்டர் கடைசியா வந்தாரே, அவர் ஸ்லோவா?” என்றான்.

இல்லை என்று சொன்னால் போதாது என்று தோன்றியது. அன்று திரும்பும்போது காற்று எதிரில் இருந்தது. அவனை முன்னால் விட்டு, இரண்டு பேரைப் பின்னால் ஒட்டச் சொன்னேன். அக்கரை வரை இழுத்தான். டோல்கேட் தாண்டி அவன் ஒதுங்கியதும் பின்னால் இருந்தவர்கள் புதுசாக வீட்டிலிருந்து வந்த மாதிரி பாய்ந்து போனார்கள். இவனால் அவர்கள் சக்கரத்தைப் பிடிக்க முடியவில்லை. ஈஞ்சம்பாக்கத்துக்குக் கடைசியாகத்தான் வந்தான். முழங்கால் வலியால் இப்போதெல்லாம் நைனா அங்கேதான் எங்களுக்காகக் காத்திருப்பார். பையனின் சிவந்த கண்ணையும் புருவத்து மணலையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, தன் டீயை அவன் கையில் கொடுத்தார்.

நேற்று ராத்திரி பையனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு பழைய பந்தயத்தின் முடிவுப் பட்டியல், அதுவும் கடைசிப் பக்கம். நூற்று முப்பதுக்கு மேல் எண்கள். அடியில் இருக்கும் பெயரைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறான். கீழே ஒரு வரி: “அண்ணா, இவர் யாருக்கு இழுத்தார்?”

எனக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.